வீதியில் கண்டால் கதைக்க மாட்டோம்

அச்சுவேலியில் மீனாம்பிகையின் வாயைப் பற்றி ஒரு காலத்தில் பேசாத ஆளில்லை. சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாள் என்றால், திரும்பி வரும்போது கத்தரிக்காயோடு நாலு வீட்டுச் சங்கதியும் கூட வரும். எந்த வீட்டுக் கலியாணம் குழம்பியது, எந்த அண்ணனும் தம்பியும் எல்லை வேலிக்காகப் பொலிஸ் வரைக்கும் போனார்கள், எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கெட்ட மனம் இல்லை, சும்மா சொல்லக்கூடாது. ஒரு வீட்டில் வருத்தம் என்று கேள்விப்பட்டால் முதலில் கஞ்சியோடு போய் நிற்பவளும் அவள்தான். ஆனால் கஞ்சியைக் கொடுத்த கையோடு அந்த வருத்தத்தின் பெயரைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். அவளுடைய மனுசன் ஆழ்வாப்பிள்ளை வெங்காயத் தோட்டம் செய்பவர், பேச்சுக் குறைந்த ஆள். “உன்ரை வாய்க்கு ஒரு ஆமைப்பூட்டுத்தான் வாங்கிப் போட வேணும்” என்று கிழமைக்கு ஒரு தரமாவது சொல்லுவார்.

அப்படிப்பட்ட மனுசிக்கு வேலை கிடைத்த இடத்தைப் பாருங்கள்! நல்லூர்க் கோயிலுக்குப் பின்னால் போகிற ஒரு ஒழுங்கையில் டொக்டர் ஆரபி நடத்துகிற மனநலக் கிளினிக். வாசலில் டொக்டரின் பெயர் மட்டும்தான் இருக்கும், மனநலம் என்ற சொல் இருக்காது. இருந்தால் யார் உள்ளே வருவார்கள்? எங்கள் சனம் சர்க்கரை வருத்தத்தைப் பந்தலில் இருந்து பெருமையாகச் சொல்லும். நித்திரை வரவில்லை, காதுக்குள் ஆரோ கதைக்கிறார்கள் என்றால் மட்டும் அதை ஏழு பூட்டுப் போட்டு வைக்கும். ‘விசர் டொக்டரிட்டைப் போறான்’ என்று ஒரு சொல் வெளிக்கிட்டால் போதும், அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்குக் கலியாணம் நின்றுவிடும்.

முன்மேசையில் இருந்துகொண்டு, வருகிறவர்களின் அட்டை எடுத்துக் கொடுப்பது, திகதி குறிப்பது, வராதவர்களுக்குத் தொலைபேசி எடுப்பது, இதுதான் மீனாம்பிகையின் வேலை. தொடங்கிய முதல் வருசமே ஒரு பெரிய பிழை விட்டாள். நல்லூர்த் திருவிழாவில், கச்சான் கடையடியில், கிளினிக்குக்கு வருகிற ஒரு இளம் பெண்ணைக் கண்டுவிட்டாள். கண்ட சந்தோசத்தில், “எப்பிடிப் பிள்ளை, இப்ப வடிவாய் நித்திரை வருதோ? டொக்டர் தந்த குளிசை பிடிச்சிருக்கோ?” என்று வாய் நிறையக் கேட்டாள். பக்கத்தில் நின்றது மாமியார். அந்தப் பெண் அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வரவே இல்லை. அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம் என்று பிறகு கேள்வி.

டொக்டர் ஆரபி ஏசவில்லை. கூப்பிட்டு இருத்தி, “அக்கா, எங்களிட்டை வாற சனம் உடம்பை மட்டும் நம்பித் தரேல்லை, மானத்தையும் தருகுது” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் ஒரு கடுதாசியில் கிளினிக்கின் ஒழுங்குகளை எழுதித் தந்து, தட்டச்சுப் பண்ணச் சொன்னார். இரண்டு பக்கம். அதில் முதலாவதே, ‘உங்களை வெளியில், வீதியில் கண்டால் நாங்களாகக் கதைக்க மாட்டோம். நீங்கள் கதைத்தால் மட்டும் கதைப்போம்’ என்பதுதான். நீங்கள் சம்மதித்து எழுதித் தந்த ஆளுக்கு மட்டும்தான் தகவல் சொல்வோம், பெற்ற தாய் தகப்பன் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம் என்று இன்னொன்று. அழுதழுது தட்டச்சுப் பண்ணியது மீனாம்பிகைதான்.

அன்றைக்கு விழுந்தது பூட்டு. அட, பூட்டென்றால் அப்படியொரு பூட்டு! பதினொரு வருசம் அந்த மனுசி ஒரு பெயரை வெளியில் விடவில்லை. சந்தையில், பஸ்ஸில், கலியாண வீட்டில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டால், கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதுபோல் அவர்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு போவாள். “மீனாம்பிகைக்கு நல்லூர் வேலை கிடைச்ச பிறகு தலைக்கனம்” என்று ஊரில் கதை வந்தது. அவள் கவலைப்படவில்லை. தன்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட்டது, இனி ஒருத்தருடையதும் கெடக்கூடாது என்பதில் ஒரே பிடி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருந்தது என்ன, நிறையவே இருந்தது.

கஜானன் கிளினிக்குக்கு வந்தது மூன்று வருசத்துக்கு முன்னால். தொண்டைமானாற்றுப் பெடியன், முப்பத்தொரு வயது, வள்ளங்களின் இயந்திரம் திருத்துவதில் கெட்டிக்காரன். முதல் நாள், காத்திருப்பவர்களின் வாங்கில் இருந்தபோது உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் இல்லை. இடைக்கிடை தலையைச் சரித்து, யாரோ காதுக்குள் சொல்வதைக் கேட்பான். தகப்பன் கடலில் போய்ச் சேர்ந்து கனகாலம். தாய் நாகேஸ்வரியும் அவனும்தான் வீட்டில். தமையன் குகதாசன் கனடாவில். கிளினிக்குக்குப் போகச் சொல்லித் தொலைபேசியில் நின்று பிடித்து அனுப்பியதும் தமையன்தான்.

அட்டை நிரப்பும்போது, ‘தேவை ஏற்பட்டால் நாங்கள் யாருடன் கதைக்கலாம்?’ என்ற இடத்தில் தமையனின் கனடா இலக்கத்தை எழுதினான். இது புதினமில்லை. அந்த அலுமாரியில் இருக்கிற அட்டைகளை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ரொறன்ரோவும் லண்டனும் சுவிஸும்தான். பக்கத்து அறையில் படுக்கிற ஆளை விட்டுவிட்டு, பத்தாயிரம் மைலுக்கு அங்கால் இருக்கிறவரைப் பொறுப்பாளராகப் போடுகிற சனம் நாங்கள். அதற்குக் கீழே கஜானன் தானாகவே ஒரு வரி எழுதினான்: ‘அம்மாவுக்குச் சொல்லக்கூடாது.’ எழுதிவிட்டு, “அவ தாங்க மாட்டா, அன்ரி” என்றான்.

மருந்து அவனுக்கு நன்றாகப் பிடித்தது. ஆறு மாதத்தில் முகம் தெளிந்து, சேர்ட்டை மினுக்கி உடுத்துக்கொண்டு வரத் தொடங்கினான். இயந்திரச் சாமான் வாங்க யாழ்ப்பாணம் போகிறேன் என்று தாய்க்குச் சொல்லிவிட்டு வருவான். வந்தால் மேசையடியில் நின்று பகிடி விடுவான். “அன்ரி, உங்கடை கொம்பியூட்டர் இரையிற இரைச்சலுக்கு ஒருக்கால் கழட்டிப் பூட்டினால் மூண்டு பேரை வச்சுக் கடலுக்குப் போகலாம்” என்பான். பிள்ளை இல்லாத மீனாம்பிகைக்கு அவன் வருகிற புதன்கிழமையில் ஒரு தனிச் சந்தோசம். அவனை ஒருமுறை தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயில் வீதியில் அவள் கண்டபோது, அவனாகவே தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனான். அவளும் சிரித்தாள். ஒழுங்கு அதற்கு இடம் கொடுக்கிறது.

போன வருசம் கந்தசஷ்டி வந்தது. கஜானன் ஆறு நாளும் விரதம் பிடித்தான். பகலில் தண்ணீரும், பின்னேரம் ஒரு கோப்பை பாலும். வெறும் வயிற்றில் குளிசை போடக்கூடாது என்று அவனாகவே குளிசையையும் நிறுத்தினான். விரதத்தில் குளிசை போடுவாயோ என்று டொக்டர் முன்கூட்டிக் கேட்கவில்லை, நிறுத்தாதே என்று மீனாம்பிகையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அவளே அந்த ஆறு நாளும் தன் பிரஷர் குளிசையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, முருகன் பார்த்துக்கொள்வான் என்று இருக்கிறவள். எங்கள் ஊர் முழுக்க அப்படித்தான். சூரன்போர் முடிந்து, விரதம் முடிக்கிற பாறணையும் முடிந்தது. குளிசை இல்லாமலே உடம்பு நன்றாக இருக்கிறதே என்று கஜானன் பிறகு அதைத் தொடவே இல்லை.

மூன்று கிழமையால் அவனுடைய புதன்கிழமை வந்தது. அவன் வரவில்லை. மீனாம்பிகை ஒழுங்குப்படி அவனுடைய இலக்கத்துக்கு இரண்டு தரம் எடுத்தாள், நிறுத்தி வைத்திருந்தது. அடுத்த நாள் கனடாவுக்கு எடுத்தாள்.

“அன்ரி, அவன் நல்லாய் இருக்கிறான். முந்தநாள் வீடியோவிலை பார்த்தனான். விரதம் பிடிச்சு மெலிஞ்சு போனான், அவ்வளவுதான்” என்றான் குகதாசன்.

“குளிசை போடுறாரோ எண்டு ஒருக்கால் கேளுங்கோ தம்பி.”

“கேட்டனான். ஓம் எண்டுதான் சொன்னவன்.”

‘தமையனுடன் கதைத்தது, பிரச்சினை இல்லை’ என்று அட்டையில் எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் வைத்தாள். எல்லாம் எழுத்துப் பிசகாமல் சரியாகத்தான் நடந்தது. எழுத்தில் என்ன குறை!

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிளினிக் அரை நாள். ஆழ்வாப்பிள்ளையின் முழங்கால் வருத்தத்துக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்ததால் மீனாம்பிகை நேரே சந்நிதிக்குப் போனாள். அடை மழை விட்டு, ஆற்றில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அன்னதான மடத்துப் பக்கம் சனம். அங்கே மரத்தடியில் கஜானன் இருந்தான். முகத்தில் ஒரு கிழமைத் தாடி. வேட்டிக் கரை முழுக்கச் சேறு. பக்கத்தில் ஒரு மெலிந்த மனுசி, சோற்றைக் குழைத்து அவன் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவனாகத் தலையை ஆட்டட்டும் என்று மீனாம்பிகை அவனுக்கு முன்னால் நடந்து போனாள். அவன் பார்த்தான். தலையை ஆட்டவில்லை. திரும்பி வந்து இன்னொரு தரம், இன்னும் கிட்டத்தால் நடந்தாள். இந்த முறையும் அவளை நேரே பார்த்தான், சிரிக்கவில்லை. தாய் பக்கத்தில் இருக்கிறாள், அதனால்தான் என்னைத் தெரியாதது போல இருக்கிறான் என்று முடிவு கட்டினாள். பதினொரு வருசத்துப் பழக்கம் அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

அப்போது அந்தத் தாயே அவளைக் கூப்பிட்டாள். “தங்கச்சி, ஒருக்கால் இதிலை பிள்ளையோடை நிண்டுகொள்ளுங்கோ. நான் குடிக்கத் தண்ணி எடுத்துக்கொண்டு ஓடியாறன்.”

“ஓம் அக்கா, போட்டு வாங்கோ.”

பாருங்கள், முருகனே இடம் பண்ணிக் கொடுத்ததுபோல, அவனும் அவளும் மட்டும் அந்த மரத்தடியில். ‘தம்பி, குளிசை போடுறீங்களோ?’ என்று கேட்கச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அவன் முதலில் கதைக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். அவன் கதைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அச்சுவேலிக்காரி ஒருத்தி கடந்து போனவள் நின்று, “என்ன மீனாம்பிகை, ஆர் உது?” என்றாள்.

“ஆரெண்டு தெரியாது. தாய் தண்ணிக்குப் போட்டா, பார்க்கச் சொன்னவ” என்றாள் மீனாம்பிகை. முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. அவனுடைய காது கேட்கத்தான் சொன்னாள். தம்பி, நீ பயப்படாதே, உன் மானம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரியட்டும் என்று நினைத்தாள்.

நாகேஸ்வரி செம்போடு வந்தாள். “நாலு நாளாய்க் கண் மூடேல்லை தங்கச்சி. இருந்தாப்போலை எழும்பி ஆத்தடிக்குப் போறான். விரதக் களை எண்டு சொல்லினம். முருகனிட்டைக் கொண்டு வந்திருக்கிறன்.”

“அக்கா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.”

“காய்ச்சல் தடிமன் ஒண்டும் இல்லையே, அங்கை போய் என்னெண்டு சொல்லுறது?”

என்னவென்று சொல்வது என்பது மீனாம்பிகைக்குத் தெரியும். மருந்தின் பெயர், அளவு கூடத் தெரியும்; விரதத்தோடு குளிசை நின்றிருக்கும் என்பதும் இப்போது விளங்கியது. “எதுக்கும் ஒருக்கால் காட்டுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள். டொக்டருக்குத் தொலைபேசி எடுப்போமா என்று யோசித்தாள். டொக்டருக்கு வெள்ளிக்கிழமைதான் பிள்ளைகளோடு இருக்கிற நாள். அவன் சத்தம் போடவில்லை, ஒருவருக்கும் அடிக்கவில்லை, அமைதியாகத்தானே இருந்தான். திங்கட்கிழமை சொல்லலாம் என்று விட்டாள். அன்றிரவு சோற்றுக் கோப்பையைத் தொடாமல் எடுத்து வைத்தாள். ஆழ்வாப்பிள்ளை என்ன என்று கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை டொக்டர் காரை விட்டு இறங்கியதும் சொன்னாள். டொக்டர் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“அக்கா! வெள்ளிக்கிழமை கண்டதையே இண்டைக்குச் சொல்லுறியள்?”

“அவர் கதைக்கேல்லை, டொக்டர். தாய் பக்கத்திலை. என்னைத் தெரியாத மாதிரி இருந்தவர்…”

“தெரியாத மாதிரி இல்லை அக்கா, அவருக்கு உங்களைத் தெரியேல்லை! அந்த வருத்தம் முத்தினால் பெத்த தாயையும் மட்டுக்கட்டேலாது. எங்கடை ஒழுங்குக் கடுதாசியின்ரை ரெண்டாம் பக்கத்திலை கடைசியாய் என்ன கிடக்கு? உயிருக்கு ஆபத்தெண்டு பட்டால் ஆருக்கும் சொல்லலாம், எந்த நேரமும் எனக்கு எடுக்கலாம் எண்டு நீங்கள்தானே ரைப் அடிச்சனீங்கள்!”

அவள்தான் அடித்தாள். முதல் பக்கம் அவளுக்கு மனப்பாடம். இரண்டாம் பக்கத்தை அவள் அதற்குப் பிறகு ஒரு நாளும் வாசித்ததில்லை.

டொக்டர் அந்த இடத்தில் நின்றபடியே கனடாவுக்கு எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் அங்கால் அழுகை கேட்டது. சனிக்கிழமை விடிய நாகேஸ்வரி எழும்பிப் பார்க்கப் பாய் வெறுமையாகக் கிடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆறு கடலோடு சேருகிற இடத்தில் மீன்பிடிக்காரர் அவனைக் கண்டெடுத்தார்கள். தானாகப் போனானா, வெள்ளம் இழுத்ததா, ஒருவருக்கும் தெரியாது. “அம்மாவுக்கு மட்டும் கிளினிக் விசயம் ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ, நான் வந்து சொல்லுறன்” என்றான் குகதாசன். டொக்டர் தொலைபேசியை வைத்துவிட்டு வாங்கில் இருந்து அழுதார். அவர் அழுது மீனாம்பிகை கண்டது அதுதான் முதல் தரம்.

நாலாம் நாள், குகதாசன் வந்து சேர முன்னமே, மீனாம்பிகை தொண்டைமானாற்றுக்குப் போனாள். “போங்கோ அக்கா. ஆனால் எங்களிட்டை வந்தவர் எண்டு சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. செத்த பிறகும் அது அவர்ரைதான்” என்று சொல்லித்தான் டொக்டர் விட்டார். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. என்னவென்று சொல்லிப் படலையைத் திறப்பது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனாள். அந்தக் கரைச்சல் இருக்கவில்லை. நாகேஸ்வரி கண்டவுடன் அடையாளம் பிடித்துக்கொண்டாள்.

“அண்டைக்குக் கோயிலிலை என்ரை பிள்ளைக்குக் காவல் நிண்ட தங்கச்சியல்லோ!” என்று இரண்டு கையையும் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினாள். வந்திருந்த பெண்களுக்கெல்லாம் காட்டினாள். “ஆரெவரெண்டு தெரியாத மனுசி. ஒருக்கால் கண்ட பழக்கத்துக்குத் தேடி வந்திருக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ எண்டு இவ ஒராள்தான் எனக்குச் சொன்னவ. நான் பாவி கேக்கேல்லை. என்ரை பிள்ளையை நான்தான் துலைச்சனான்.”

தேத்தண்ணி வந்தது. வாங்கிப் பாயில் வைத்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழும்பிக் குசினிப் பக்கம் போனார்கள். நாகேஸ்வரி கையை விடவில்லை. மெல்லிய குரலில் சொன்னாள். “அவனுக்கு என்ன வருத்தமெண்டு பெத்தவளுக்கே தெரியாமல் போச்சுது தங்கச்சி. ஆருக்கேன் தெரிஞ்சிருக்குமோ? நான் ஏதும் பிழை விட்டிட்டனோ? அது தெரிஞ்சால் காணும் எனக்கு.”

மீனாம்பிகை நிலத்தைப் பார்த்தாள். இந்தத் தாய் இனி எத்தனை வருசம் இருப்பாளோ, அத்தனை வருசமும் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டு இருக்கப் போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு எழும்பிப் போக அவளால் முடியவில்லை.

“எனக்குத் தெரியும் அக்கா. அவர் எங்கடை கிளினிக்குக்குத்தான் ரெண்டு வருசமாய் வந்தவர்.”

எல்லாவற்றையும் சொன்னாள். வருத்தத்தின் பெயர், அது ஒருவரின் பிழையாலும் வருவதில்லை என்பது, அவன் எவ்வளவு நன்றாகத் தேறி வந்தான் என்பது, விரதத்தோடு நின்றுபோன குளிசை. முடிந்த பிறகு நாகேஸ்வரி, “அங்கை வந்தால் சிரிக்கிறவனோ?” என்று மட்டும் கேட்டாள்.

“சிரிக்கிறவர் அக்கா. பகிடி விடுகிறவர்.”

நாகேஸ்வரியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. பிறகு மீனாம்பிகையின் பக்கம் திரும்பினாள்.

“அப்ப அண்டைக்கு அவனுக்குப் பக்கத்திலை நிக்கேக்கை உங்களுக்கு இவ்வளவும் தெரியும்.”

“ஓம்.”

“நான் செம்போடை வந்து, நித்திரையில்லை, ஆத்தடிக்குப் போறான் எண்டு சொல்லேக்கையும் தெரியும்.”

“ஓம் அக்கா.”

“ஏன் தங்கச்சி எனக்குச் சொல்லேல்லை? நான் அவன்ரை தாயல்லோ?”

அதற்கு ஒரு பதில் இருந்தது. உங்கள் மகன்தான் உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று தன் கையால் எழுதி வைத்தான், அட்டை இப்போதும் அலுமாரியில் இருக்கிறது என்று சொன்னால் போதும். மீனாம்பிகை தப்பிவிடுவாள், ஒருவரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த வரி அவளுடைய நாக்கு நுனியில் நின்றது. மகனே தன்னை நம்பவில்லை என்று இந்த மனுசி மிச்சக் காலம் முழுக்க நினைத்து நினைத்துச் சாக வேண்டுமா?

“என்ரை பிழை அக்கா. நான் சொல்லியிருக்க வேணும்” என்றாள்.

நாகேஸ்வரி ஏசவில்லை. பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். எழும்பி, குடிக்காமல் ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மீனாம்பிகை அந்தப் பாயில் பொழுதுபடும் வரைக்கும் இருந்தாள். நாகேஸ்வரி திரும்பி வரவில்லை.